டாக்டரிடம் போகும் முன் ஒரு நோட்டு: ஆட்டிசம் அறிகுறிகளை எப்படிக் கவனிப்பது, எப்படி எழுதுவது

ஆழிமழை (பேச்சு மொழிப் பயிற்சி)

"கூப்பிட்டா திரும்பறதில்லை, ஆட்டிசமா?" என்ற கேள்வி குழுவில் ஓயாமல் வருகிறது. இங்கே யாரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டாக்டர் முன்னால் உட்காரும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். இந்த இழை அதற்காக.

ஓ.பி.யில் குழந்தையைப் பார்க்கக் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிஷம். அந்த நேரத்தில் அது அழும், தூங்கும், அல்லது புது இடத்தைக் கண்டு வழக்கத்தைவிடச் சமர்த்தாக மடியில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. நேரில் பார்ப்பது, பெற்றோர் சொல்வது, இந்த இரண்டை வைத்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். பெற்றோர் சொல்வது மொட்டையாக இருந்தால் பாதி ஆதாரம் போச்சு.

எழுதும்போது உங்கள் தீர்ப்பை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். "கண்ணையே பார்க்க மாட்டான்" என்பது தீர்ப்பு. "எதிரே உட்கார்ந்து பத்து வாய் ஊட்டினேன், இரண்டு தடவை முகத்தைப் பார்த்தான், இரண்டும் அடுத்த வாய் வரத் தாமதமானபோது" என்பது நடந்தது. இதில் எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கும் இருக்கிறது. "எப்பவாவது பார்ப்பான்" என்று நீங்கள் சொன்னால் டாக்டருக்கு அது நூற்றுக்குப் பத்தா ஐம்பதா என்று தெரியாது.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"14, செவ்வாய், மாலை 5.20. ஹால், டிவி அணைந்திருந்தது. கார் பொம்மையைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆறடி பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொன்னேன், ஐந்து நொடி இடைவெளி விட்டு மூன்று முறை. திரும்பவில்லை. நான்காவது தடவை தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டான். 5.26க்கு அடுக்களையில் பிஸ்கட் கவர் சத்தம் கேட்டதும் ஓடி வந்தான்."

இதே மாதிரி வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம், வெவ்வேறு ஆள் கூப்பிட்டது என்று ஒரு பத்துப் பதிவு இருந்தால் போதும். செல்போன் கையில் இருக்கும்போது கூப்பிட்டதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது நாமும் திரும்ப மாட்டோம்.


நெல்லை டாக்டர்

நல்ல தொடக்கம். அந்த பிஸ்கட் கவரைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. "கவர் சத்தத்துக்குத் திரும்புது, டிவி பாட்டு கேட்டா ஓடி வருது, காது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியே காது பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். பகுதிக் கேளாமை உள்ள குழந்தை சில சத்தங்களுக்குத் திரும்பும், பேச்சு மட்டும் கலங்கலாகக் கேட்கும். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. பிறந்தபோது செய்த சோதனையில் பாஸ் என்பது அன்றைய நிலவரம் மட்டும்தான்.

அதனால் பெயருக்குத் திரும்பாத, பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் காது. ஓ.ஏ.ஈ என்பது உள்காதைப் பார்க்கிறது. பெரா என்பது நரம்பு வழியே மூளைத்தண்டு வரை ஒலியின் சமிக்ஞை போகிறதா என்று பார்க்கிறது. ஓ.ஏ.ஈ நார்மலாக வந்து பெரா கெட்டிருக்கும் நிலையும் உண்டு, ஆகவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள். நடுக்காதுக்கு டிம்பனோமெட்ரி.

பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். அங்கேதான் பலருக்கு ஒரு நாள் வீணாகிறது. முந்தின இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், வரும் வழியில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கண்ணயர விடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் அழைத்து வாருங்கள், எலெக்ட்ரோடு ஒட்டாது. வெறும் வயிறாக இருக்க வேண்டுமா, சோதனைக்கு முன் பால் கொடுக்கலாமா என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் சாப்பாட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. மருந்துக் கடையில் தூக்க சிரப் வாங்கி நீங்களே கொடுத்து வரக் கூடாது.

அடுத்தது, சும்மா இருக்கட்டும் என்று எம்.ஆர்.ஐ எடுத்துக்கொண்டு வராதீர்கள். எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் அப்படியே. எப்போது தேவைப்படும் என்பதும் உங்கள் நோட்டைப் பொறுத்ததுதான். திடீரென்று சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? தூக்கத்தில் உதறுகிறதா? உடம்பில் இலை வடிவில் வெளுத்த திட்டுகள் இருக்கின்றனவா? தலைச் சுற்றளவு வளராமல் நின்றிருக்கிறதா, மிக வேகமாக வளர்கிறதா? பெண் குழந்தை முன்பு பொருளைப் பிடித்து விளையாடிவிட்டு இப்போது கையைப் பிசைந்துகொண்டே இருக்கிறதா? இதில் எது இருந்தாலும் நோட்டின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்.

மண், சுண்ணாம்பு, பெயின்ட் செதில் தின்னும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் ஈய அளவும் பார்க்கத் தோன்றும்.


தறி

டாக்டர், எந்த வயசுக்கு எது இல்லைன்னா கவலைப்படணும்? "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு"ன்னு சொல்றதை எவ்வளவு நம்பலாம்?


நெல்லை டாக்டர்

12 மாதத்தில் மழலையும் இல்லை, கையாட்டல், சுட்டல் போன்ற சைகையும் இல்லை. 16 மாதத்தில் ஒற்றைச் சொல்கூட இல்லை. 24 மாதத்தில் "அம்மா வா", "பால் வேணும்" போலச் சொந்தமாகச் சேர்த்த இரண்டு சொல் இல்லை. எந்த வயதிலாவது, வந்த பேச்சோ பழக்கமோ போய்விட்டது. இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இவை ஆட்டிசத்தை உறுதி செய்யும் அடையாளங்கள் அல்ல, உடனே பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளங்கள்.

அப்பா மூன்று வயதில் பேசியது குடும்ப வரலாறு. அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள், டாக்டருக்குப் பயன்படும். காத்திருப்பதற்குக் காரணமாக மட்டும் அதை வைக்காதீர்கள். தாமதமாகப் பேசும் குழந்தை பேசாத நாளிலும் கையால் காட்டும், முகத்தைப் பார்க்கும், கேட்டதைப் புரிந்துகொண்டு செய்யும். பேச்சோடு சேர்ந்து சைகையும் இல்லையா என்பதுதான் கேள்வி.

நாக்கு ஒட்டியிருக்கிறது என்று வெட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதும் நடக்கிறது. நாக்குக் கயிறு உச்சரிப்பையோ பால் குடிப்பதையோ பாதிக்கலாம். சுட்டிக்காட்டாத விரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.


ஆழிமழை

சுட்டிக்காட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "விரல் நீட்டுவானா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். எதற்காக நீட்டுகிறான் என்பதை எழுதுங்கள்.

மேலே இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது கேட்பதற்காக. மொட்டை மாடியில் நிலாவைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது பகிர்வதற்காக. நிலாவை யாரும் எடுத்துத் தரப்போவதில்லை. "நீயும் பாரேன்" என்பதுதான் அதில் இருக்கும் சேதி. ஆட்டிசத்தில் பெரும்பாலும் குறைவது இந்த இரண்டாவது வகை. முதல் வகை ஓரளவு இருக்கலாம், அதனால்தான் பெற்றோர் ஏமாந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, உங்கள் கையைக் கருவியாக்குவது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் உங்கள் கையை வைக்கும், முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காது. பார்த்துக்கொண்டே இழுத்தால் அது வேறு கதை. அந்த வித்தியாசத்தை எழுதுங்கள்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருப்பதை விரலால் காட்டி "காக்கா பார்" என்று சொல்லுங்கள். குழந்தை காக்காவைப் பார்க்கிறதா, உங்கள் விரல் நுனியைப் பார்க்கிறதா, எதையுமே பார்க்கவில்லையா? ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் குழந்தைக்குப் பயிற்சியாகிவிடும், உங்களுக்குப் பரீட்சையாகிவிடும்.


சிற்றெறும்பு

ஆன்லைனில் எம்-சாட் போட்டுப் பார்த்ததில் 4 வந்திருக்கிறது, வயது 22 மாதம். ஆட்டிசம் இருக்கு என்று அர்த்தமா?


நெல்லை டாக்டர்

இல்லை. எம்-சாட்-ஆர் என்பது 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான சல்லடை, 20 கேள்வி. 0 முதல் 2 வரை குறைந்த வாய்ப்பு, 3 முதல் 7 வரை நடுத்தரம், 8 முதல் மேலே அதிகம். நடுவில் விழுந்தால் அடுத்த படியாகத் தொடர் கேள்விகள் உண்டு. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து உதாரணம் கேட்டு மறுபடி மதிப்பிடுவார்கள். அதிலும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். ஆன்லைனில் பலர் இந்த இரண்டாம் படியைச் செய்யாமலே பயந்துவிடுகிறார்கள், அல்லது 2 வந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். எண் எதுவானாலும் உங்கள் மனசுக்கு உறுத்தினால் காட்டுங்கள்.

நிரப்புவதில் நடக்கும் பிசகு இரண்டு. முதலாவது: 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகள் தலைகீழ். காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது சந்தேகப்பட்டதுண்டா, கண்ணருகே விரலை வினோதமாக ஆட்டுகிறதா, சாதாரணச் சத்தத்துக்குக் கலங்குகிறதா என்ற இந்த மூன்றுக்கும் "ஆம்" என்பதுதான் மதிப்பெண் ஏற்றும். மற்றதற்கெல்லாம் "இல்லை". தாளில் கையால் கூட்டும்போது இது தவறிப்போகிறது. இரண்டாவது: "ஒரு தடவை டாட்டா காட்டினான்" என்று ஆம் போடுவது. எப்போதாவது செய்து வழக்கமாகச் செய்யாவிட்டால் "இல்லை" போட வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது.


ஆழிமழை

பேச்சு வந்துவிட்ட குழந்தைகள் பற்றி. "நல்லாப் பேசறான் மேடம், ஏ ஃபார் ஆப்பிள்ல இருந்து இசட் வரைக்கும் சொல்றான், நூறு வரைக்கும் எண்ணறான்" என்று வருவார்கள். தண்ணீர் எப்படிக் கேட்கிறான் என்று கேட்டால் பதில் இருக்காது. எத்தனை சொல் தெரியும் என்பதோடு, அந்தச் சொல்லை ஒரு ஆளிடம் எதற்குப் பயன்படுத்துகிறான் என்றும் எழுதுங்கள்: கேட்க, மறுக்க, காட்ட, கூப்பிட, கேள்வி கேட்க. ஐந்து தலைப்புப் போட்டு அடியில் அவன் சொன்னதை அப்படியே.

"அப்படியே" என்பதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் எக்கோலேலியாவும், ஆளை மாற்றிப் பேசுவதும் தமிழில் எளிதில் ஒளிந்துகொள்ளும். நாம் "நான்", "நீ" என்று சொல்லாமலே பேசிவிடுவோம். யார் என்பது வினையின் வாலில்தான் இருக்கும். பசிக்கிற குழந்தை "சாப்பிடறியா?" என்று கேள்வி ராகத்தோடே வந்து நிற்கும். தூக்கச் சொல்ல "தூக்கிக்கட்டுமா?". தாகத்துக்கு "தண்ணி வேணுமாடா கண்ணா", அந்தக் கண்ணாவையும் சேர்த்து. வீட்டில் எல்லாருக்கும் அர்த்தம் புரிந்துவிடுவதால் நோட்டில் "தண்ணீர் கேட்டான்" என்று எழுதிவிடுகிறார்கள். தடயம் அங்கேயே அழிந்துவிட்டது. அவன் சொன்ன சொல், சொன்ன ராகம், அப்போது உண்மையில் அவனுக்கு என்ன வேண்டியிருந்தது, மூன்றையும் எழுதுங்கள்.

எல்லாக் குழந்தையும் கொஞ்ச காலம் எதிரொலிக்கும். இரண்டரை, மூன்று வயதுக்குப் பிறகும் அதுவே பிரதானமாக இருக்கிறதா என்பது பார்க்க வேண்டியது. நேற்றோ போன மாதமோ கேட்ட கார்ட்டூன் வசனத்தை இன்று வேறு இடத்தில் சொல்வதும் இதில் சேர்த்தி. வீட்டில் எல்லாரும் தமிழ் பேச, குழந்தை மட்டும் யூடியூப் ஆங்கிலத்தில் பேசினால் அதையும் குறியுங்கள்.

இரண்டு மொழி பேசும் வீடாக இருந்தால் இரண்டிலும் உள்ள சொற்களைக் கூட்டிக் கணக்கிடுங்கள். இரண்டு மொழி ஆட்டிசத்தை உண்டாக்காது. பேச்சு வரவில்லை என்று வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையைக் காதில் வாங்க வேண்டாம்.


தறி

இப்பல்லாம் "வர்ச்சுவல் ஆட்டிசம்"னு சொல்றாங்களே. போனை நிறுத்தினா சரியாயிடும்ங்கறாங்க. ஒரு மூணு மாசம் நிறுத்திப் பார்த்துட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போகலாமா?


வெண்பா (ஆக்குபேஷனல் தெரபி)

அப்படி ஒரு நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்-5லும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. போனை இன்றைக்கே குறையுங்கள், சந்தேகமே வேண்டாம். நாள் முழுக்கத் திரை பார்க்கிற குழந்தைக்கு ஆட்களோடு பேசிப் பழக நேரமில்லை, அது பேச்சைப் பாதிக்கும். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் திரை மிகவும் பிடிக்கும், மாறாத படம், மாறாத சத்தம், எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வரும். எது முன்னால் எது பின்னால் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே போனை நிறுத்துவதும் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதும் ஒரே நாளில். நிறுத்திய தேதியை நோட்டில் போட்டு, அதற்கு முன், இரண்டு வாரம் கழித்து, என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதுங்கள். அது டாக்டருக்கு அருமையான தகவல்.

புலன் விஷயம். இதைத்தான் பெற்றோர் மிகக் குறைவாக எழுதுகிறார்கள், "பிடிவாதம்" என்று நினைத்துக்கொள்வதால். டி.எஸ்.எம்-5 படி ஆட்டிசம் என்று சொல்ல, சமூகத் தொடர்பில் மூன்று அம்சம், மூன்றிலும் குறை இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வது, மாறாமை, ஒரே விஷயத்தில் தீவிர ஈடுபாடு, புலன் வேறுபாடு என்ற நான்கில் குறைந்தது இரண்டு. அந்த நான்காவதுதான் இந்தப் புலன் விஷயம். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, குக்கர் விசில் வரும் முன்பே பதறுவது, முடிவெட்டும்போதும் நகம் வெட்டும்போதும் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருப்பது, சட்டைக் காலர் லேபிளைக் கிழித்தெடுக்க வேண்டியிருப்பது எல்லாம் அங்கே சேரும். தேடிப் போவதும் உண்டு: ஓடும் ஃபேனையே அண்ணாந்து பார்ப்பது, கடைக்கண்ணால் கோடுகளைப் பார்ப்பது, அரிசி மூட்டைக்குள் கையை விட்டு அளைவது, விழுந்து ரத்தம் வந்தும் அழாமல் போவது. நுனிக்காலில் நடப்பதையும் எழுதுங்கள். அது ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடமும் இருக்கும், தசை இறுக்கத்தாலும் வரும், பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

சாப்பாட்டுக்குத் தனிப் பக்கம். "சரியாச் சாப்பிடறதில்லை" என்பது எந்த வீட்டிலும் கேட்கும் வசனம். குழந்தை சாப்பிடும் பொருள்களை எண்ணி எழுதுங்கள். வெள்ளைச் சோறு, தயிர், ஒரே கம்பெனி பிஸ்கட், அப்பளம் என்று ஏழெட்டில் நின்றுவிட்டால், ரசம் ஒரு சொட்டு சோற்றில் பட்டாலும் தட்டையே தள்ளிவிட்டால், அதை அப்படியே எழுத வேண்டும்.

பெரிய அழுகை, உருளல், தலையை மோதுதல் வந்தால் மூன்று கட்டம் போட்ட தாள். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். தொடக்க நேரமும் முடிந்த நேரமும். ஒரு உதாரணம்: "முன்: பள்ளி வேன் வழக்கமான தெருவில் பள்ளம் தோண்டியதால் வேறு தெரு வழியாக வந்தது. நடத்தை: இறங்கியதும் தரையில் படுத்து அலறல், சொந்தக் கையைக் கடித்தல், 35 நிமிஷம். பின்: மிட்டாய் கொடுத்தோம், வாங்கவில்லை, இருட்டு அறையில் போர்வை போர்த்தி விட்டதும் அடங்கியது." மிட்டாய்க்கு அடங்கவில்லை என்ற அந்த ஒரு வரி, வேண்டியதை வாங்க அடம் பிடிப்பதற்கும் தாங்க முடியாமல் உடைவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆகவே "பின்" கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.


கரும்பலகை (சிறப்பாசிரியர்)

வீடியோ பற்றி யாரும் சொல்லவில்லையே. இப்போது நோட்டைவிட அதுதான் அதிகம் பேசும்.

எடுக்கும் முறை: போனைப் படுக்கை வசமாக, குழந்தையின் கண் உயரத்தில், ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்துவிடுங்கள். கையில் பிடித்துத் தொடர்ந்து போனால் குழந்தை போனுக்கு வரும். குழந்தை முகமும் அதோடு பேசுபவர் முகமும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். முதுகை மட்டும் எடுத்த வீடியோவால் பயனில்லை. வெளியே ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம், வெட்டாமல். வீடியோ வழி மதிப்பீட்டுக்கான நோடா என்ற முறையில் நான்கு காட்சி கேட்பார்கள்: குடும்பத்தோடு சாப்பிடும் நேரம், தனியாக விளையாடுவது, மற்றவரோடு விளையாடுவது, பெற்றோரை உறுத்தும் நடத்தை. உங்கள் டாக்டர் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் அந்த நான்கும் நல்ல பங்கீடு.

"சொல்லு, அம்மா சொல்லு, மாமாக்கு ஹாய் சொல்லு" என்று பின்னணியில் தூண்டிக்கொண்டே இருக்காதீர்கள். குழந்தை தானாக என்ன செய்கிறது என்பது தூண்டலுக்கு அடியில் மூழ்கிவிடும். மோசமான நேரத்தை மட்டும் எடுப்பதும் தப்பு, நல்ல நேரமும் வேண்டும்.

பேச்சு வந்து போய்விட்டது என்றால் பழைய வீடியோவைத் தேடுங்கள். முதல் பிறந்தநாள், காதுகுத்து, ஊர்த் திருவிழா. 13 மாதத்தில் "தாத்தா" என்றது பதிவாகியிருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. அதில் தேதிச் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பின் பெயரில் இருக்கும் தேதி எடுத்த நாளைக் காட்டாது, அனுப்பிய நாளைக் காட்டும். படமும் சுருங்கியிருக்கும். எடுத்தவரின் போனிலிருந்தே மூலக் கோப்பை வாங்குங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, குழந்தையின் வயது மாதத்தில், இடம்.

டாக்டரிடம் இருபது வீடியோ காட்ட முடியாது. மூன்றைத் தேர்ந்து, எந்த நிமிஷத்தில் பார்க்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிப் போங்கள். இன்ஸ்டாகிராமில் போட்டு "இது ஆட்டிசமா சொல்லுங்க" என்று கேட்க வேண்டாம். அந்தக் குழந்தை நாளை பத்தாம் வகுப்பில் உட்காரும்போதும் அது அங்கேயே இருக்கும்.


மீனாள்

ஒன்பது வயதுப் பெண்கள் விஷயத்தில் இதில் எதுவுமே பொருந்தவில்லை. பேச்சு இருக்கும், மார்க் வரும், டீச்சர் "ரொம்ப சமர்த்து" என்பார். அப்போது எதை எழுதுவது?


கரும்பலகை

வகுப்பறையில் தேடாதீர்கள், அங்கே எல்லாம் வரையறுத்தது. இடைவேளையில் பாருங்கள். ஆசிரியரிடம் "எப்படி இருக்கா?" என்று கேட்டால் மார்க் சொல்வார். "மதியச் சாப்பாட்டின்போது யாரோடு உட்காருகிறாள், யார் பேச்சைத் தொடங்குகிறார்கள், குழு விளையாட்டில் எங்கே நிற்கிறாள், பெஞ்சு மாற்றினால் என்ன ஆகும்?" என்று நான்கு கேள்வியை எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே ஒரு தோழியை ஒட்டிக்கொண்டு, அவள் சிரித்தால் சிரித்து, அவள் நடையை, பேச்சை அப்படியே நகல் எடுத்து நாளை ஓட்டுகிறார்கள். அந்தத் தோழி லீவு போட்ட நாளில் என்ன ஆனது என்பது நல்ல தகவல். வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரத்தையும் எழுதுங்கள். பள்ளியில் அடக்கியது அங்கேதான் வெடிக்கும்.

சொன்னதை நேர் அர்த்தத்தில் எடுப்பதற்கு உதாரணம் சேருங்கள். "உன் வாய்க்குப் பூட்டுப் போடணும்" என்றதற்குப் பூட்டைப் பார்த்துப் பயந்தாள் என்பது போல. ஆர்வத்தைப் பொறுத்தவரை, பெண் குழந்தைக்கு அது ரயிலாக இருக்க வேண்டியதில்லை. பூனை, ஒரு நடிகர், ஒரு கதைத் தொடர் என்று ஊரோடு ஒத்துப்போகும் விஷயமாகவே இருக்கும். என்ன விஷயம் என்பதைவிட எத்தனை மணி நேரம், வேறு பேச்சுக்கு மாற முடிகிறதா என்பதைக் குறியுங்கள்.

அறிகுறி சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது டி.எஸ்.எம்-5 அளவுகோலின் பகுதி. பள்ளிச் சுமை ஏறிய பிறகே வெளியே தெரியலாம் என்பதையும் அதே அளவுகோல் ஒப்புக்கொள்கிறது. எனவே எல்.கே.ஜி. ரிப்போர்ட், பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா நினைவில் இருப்பது எல்லாம் சேருங்கள். வளர்ந்தவர்கள் தங்களுக்காகக் கேட்கும்போதும் இதேதான் வழி.


மனு எழுதுபவன்

காகித வேலை பற்றி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே என்ற மத்திய அரசின் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் வருவது, பிறந்தது முதல் 18 வயது வரை, கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டில் இந்தியாவில் இசா என்ற ஆட்டிச அளவுகோல்தான் புழக்கம். 40 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. எப்போதாவது என்றால், அதாவது 20 சதவீதம் வரை, 1. எப்போதும் என்றால், 81 சதவீதத்துக்கு மேல், 5. மொத்தம் 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ஆழிமழை மேடம் முதல் பதிவிலேயே எத்தனைக்கு எத்தனை என்று எழுதச் சொன்னாரே, அதன் அருமை இங்கே தெரியும். உங்கள் நோட்டை அப்படியே சதவீதமாக்கிவிடலாம்.

சான்றிதழில் குறைபாட்டுச் சதவீதம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஏற்றிச் சொல்பவர்கள் உண்டு. மதிப்பிடுபவர் பார்த்த குழந்தையும் நீங்கள் சொன்ன குழந்தையும் வேறு வேறாக இருந்தால் மறுபடி வரச் சொல்வார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்பவர்கள் அதைவிட அதிகம். அதுவும் அதே அளவு தொல்லை, 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்காது.

தனியாரிடம் உளவியல் மதிப்பீடு செய்தால் அறிக்கையில் எந்த அளவுகோல், எந்தத் தேதி, ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண், கையெழுத்திட்டவரின் ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். "ஆட்டிசம் போக்கு தெரிகிறது" என்ற ஒற்றை வரி அறிக்கை சான்றிதழுக்கு உதவாது. அந்த அறிக்கையே சான்றிதழும் ஆகாது. ஸ்வாவலம்பன் தளத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பித்து அரசு மருத்துவர் குழுவிடம் போக வேண்டும். ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலும் மருத்துவமனைச் சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்கட்டும். இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலேயே அலைச்சல் வருகிறது. சின்னக் குழந்தைக்குத் தற்காலிகச் சான்றிதழ் தந்தால் அதில் முடிவுத் தேதி இருக்கும், அன்றே காலண்டரில் குறியுங்கள்.

2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தமிழ்ப் படிவத்தில் "ஆட்டிசம்" என்று தேடிக் கிடைக்காவிட்டால் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்று இருக்கும். இந்தப் பெயரைச் சூட்டியவர் ஒரு ஆட்டிசக் குழந்தையோடு அரைநாள் இருந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார், அது வேறு விஷயம்.


சிற்றெறும்பு

நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒன்று. எத்தனை நாள் எழுதணும்? முடிவு வரும்வரை தெரபிக்குக் காத்திருக்கணுமா?


வெண்பா

இரண்டு வாரம் போதும். அப்பாயின்ட்மென்ட்டை இன்றே போட்டுவிட்டு, அந்த நாள் வரும்வரை எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பேச்சு, ஆக்குபேஷனல் பயிற்சி தொடங்க நோய்ப்பெயர் தேவையில்லை, தாமதம் இருப்பதே போதும். தெரபி தொடங்கிய தேதியை மட்டும் குறித்துவையுங்கள், மதிப்பீட்டில் கேட்பார்கள்.


ஆழிமழை

நோட்டு முழுவதையும் யாரும் படிக்க மாட்டார்கள். அதிலிருந்து ஒரே ஒரு ஏ4 பக்கம் எடுங்கள். மேலே குழந்தையின் வயது, ஆண்டும் மாதமும். அடுத்து உங்களை உறுத்தும் மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியிட்ட உதாரணம். பிறகு முதல் சிரிப்பு, நடை, முதல் சொல், போன சொல், இவை எந்த மாதத்தில். காது சோதனை முடிவு, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அது. குழந்தைக்கு நன்றாக வரும் மூன்று விஷயமும் எழுதுங்கள், சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும். நோட்டு பையில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் காட்டலாம்.


மனு எழுதுபவன்

அந்த ஏ4 பக்கத்தோடு பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, காது ரிப்போர்ட். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இரண்டு செட். ஒரிஜினலைக் காட்டிவிட்டு, மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.